மூலையைப் பிடித்திருக்கும் கட்டைவிரல்

எங்கே இருந்தாலும் என்மேல் ஒரு கண் வைத்திருக்கும் அக்காவுக்கு,

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்திகள், அடித்துக்கொள்ளாமல் சேர்ந்து உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்ததைப் பார்த்துப் பிள்ளையார்பாளையமே வாயைப் பிளந்ததே, நினைவிருக்கிறதா? நீ போன பிறகும் வேலையை நான் விடவில்லை. முகூர்த்தப் புடவைப் பெட்டிக்குள் வைக்கப் பட்டுக்கடைக்காரர் அட்டை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். உன் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தெரியுமா? தெரியாமலா இருக்கும்.

சொல்ல வந்தது வேறு. நம் வெல்லம் பேப்பர் இருக்கிறதே, வெளிச்சம் ஊடுருவும் அந்த வழவழப்புத் தாள், "வெல்லமா? எறும்பு மொய்க்கப் போவுது" என்று உன் வீட்டுக்காரர் கிண்டல் செய்வாரே, அதில் மார்க்கர் மை ஊறாது, மேலேயே நிற்கும். முன்பக்கம் கோடு போட்டுப் பின்பக்கம் வர்ணம் தீட்டுவோம். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் மட்டும் மை விலகி, விரல் ரேகை அப்படியே எழுந்து நிற்கும். "கைய தொடச்சிக்கினு தொடும்மா" என்று என்னைத் திட்டுவாய். திட்டிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நான் தீட்டி முடிக்கும்வரை தாள் நகராமல் நீயே மூலையை அழுத்திப் பிடிப்பாய்! கட்டைவிரலின் குறுக்கே கட்டர் வெட்டிய அந்தத் தழும்போடு உன் ரேகை எத்தனை அட்டையைக் கெடுத்திருக்கிறது.

போன மாதம் ஒரு தாளில் மாங்காய்ப் புட்டாவுக்கு மஞ்சள் தீட்டினேன். மூலையில் உன் ரேகை எழுந்தது. நீ தொட்ட பழைய தாள்தானே என்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அந்தப் பாக்கெட் தீர்ந்தது. புதிதாக வாங்கி நானே பிரித்தேன். பட்டப்பகல், பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் காய்வதற்குள் மூலையில் மை விலகியது. முதலில் ரேகை, பிறகு தழும்பு. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், தாள் சுத்தமானது. கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி தீட்டினேன். அதே இடம், அதே தழும்பு, கூடவே தேங்காய் எண்ணெய் வாசனை.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை. நீதானே! அன்றிலிருந்து தினமும் ஒரு தாளாவது தீட்டி, உன்னைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் உன்னைப் பூவாடைக்காரியாக அழைக்க வேண்டும் என்கிறார் நம் மாமனார். சுமங்கலியாகப் போனவளைக் குடத்துத் தண்ணீரில் வீட்டுக்குக் கூட்டிவந்து, புதுப் புடவை வைத்துப் படைத்து, மறுபடி தண்ணீரிலேயே வழியனுப்பும் நம் வீட்டு வழக்கம்தான். "நீதாம்மா கொடம் தூக்கணும்" என்றார். நான் தாளை எடுத்துத் தீட்ட உட்கார்ந்துவிட்டேன். அழைத்தால் அனுப்ப வேண்டுமே. அப்புறம் எந்தத் தாளில் உன்னைத் தேடுவேன்?

நேற்று பவித்ரா வந்தாள். காயப் போட்டிருந்த தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் தழும்பின்மேல் தன் விரலை வைத்தாள். முகம் கோணியது.

"சித்தி, அம்மா இன்னும் மூலைய புடிச்சிக்கினே இருக்குது பாரு. நீ தீட்றத நிறுத்தலன்னா அது எப்பிடி விடும்? கை வலிக்காதா அதுக்கு?"

எனக்கு அது தோன்றவே இல்லை, அக்கா. நீ என்னைப் பார்க்க வருகிறாய் என்றே இருந்துவிட்டேன். போன பிறகும் உன்னை விடாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தேனா?

ஞாயிற்றுக்கிழமை குடம் தூக்குகிறேன். உனக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் புடவை வாங்கியாகிவிட்டது. படைத்த பிறகு அதைப் பவித்ரா கட்டிக்கொள்வாள். நீ வந்தால் குடம் கனக்கும் என்பார்கள். எவ்வளவு கனத்தாலும் வழியில் இறக்கி வைக்க மாட்டேன். உன்னைத் தண்ணீரில் கொண்டுபோய் விடுவதும் நான்தான்.

மூலையை விட்டுவிடு, அக்கா. இனி நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஓரகத்தியாக வந்து உனக்குத் தங்கையாகிப் போன
செல்வி