மெஹர்னாஸ் சொன்ன 'வேண்டாம்'

இர்வைன், மார்ச் 9

கேவான் ஜான், என் கண்ணே,

நாங்கள் நலம், உன் அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. உன் முதுகுவலி குறைந்து, நிமிர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். தங்கை மெஹர்னாஸ் ஏன் உன்னோடு பேச மறுக்கிறாள் என்று போன ஞாயிறு கேட்டாய். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பள்ளி விவாதக் குழுவுக்குத் தலைவராக இருக்கிறாயா என்று ஆசிரியர் ஹோல்கம் எல்லார் முன்னாலும் முதலில் மெஹர்னாஸைத்தான் கேட்டார். இரண்டு வருடமாக அவள் ஆசைப்பட்ட இடம். இவளோ, நான் எதற்கு, ஹெய்லி என்னைவிட நன்றாகப் பேசுவாள் என்றிருக்கிறாள். எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்பது நம் தாரோஃப் மரியாதை, அவளுக்கு நடை பழகும்போதே வந்தது. அவர் உடனே ஹெய்லியின் பெயரை எழுதிவிட்டார். மறுபடி கேட்பார் என்று இவள் நின்றுகொண்டே இருந்தாளாம். இதைச் சொல்லி அழுதவளிடம் நீ சிரித்துக்கொண்டே, "நீதானேடி வேணாம்னு சொன்ன" என்றாய். அதுதான் காரணம்.

இஸ்ஃபஹானில் பன்னிரண்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தினேன். கரும்பலகைக்கு வா என்றால், எனக்குத் தெரியாது டீச்சர், அவளைக் கூப்பிடுங்கள் என்று சொல்கிறவளுக்குத்தான் விடை தெரிந்திருக்கும். இரண்டாம் தடவை கூப்பிடுவேன், வந்து அழகாகப் போட்டுவிட்டுப் போவாள். இன்னொரு தடவை கேட்க ஒரு ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் ஆகும், சொல்?

வெள்ளிக்கிழமை மெஹர்னாஸோடு போய் அவரைப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை, நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "உங்க பண்பாட்டுல பொண்ணுங்க முன்னால வந்து நிக்கிறது வழக்கமில்லையேன்னு நினைச்சேன். அவளைச் சங்கடப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்." என் பண்பாட்டை என்னிடமே சொல்கிறார்! ஐந்நூறு பெண்கள் படித்த பள்ளியை நடத்தியவள் என் தலைமையாசிரியை. என் அத்தை நீதிமன்றத்தில் வாதாடியவள். மெஹர்னாஸ் பிறந்ததோ இங்கே, இவருடைய ஊர் மருத்துவமனையில்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணைத் தலைவராகப் போடட்டுமா என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம், வேண்டாம் என்றேன். சண்டை போடப் போன நானே! வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் சரி என்று எழுந்துவிட்டார்.

அப்போதுதான் உன் தங்கை பேசினாள். "அம்மா மரியாதைக்குச் சொல்றாங்க சார். நானும் அன்னைக்கு மரியாதைக்குத்தான் சொன்னேன். எனக்குத் தலைவர் ஆகணும். துணை வேணாம், இது நிஜமாவே வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் போட்டி வைங்க, ஜெயிக்கிறவங்க இருக்கட்டும்." வீட்டில் இவ்வளவு நேராகப் பேசினால் நான் அதட்டியிருப்பேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஹெய்லியும் பரவாயில்லை, வரட்டும் என்று சிரித்தாளாம்.

வருகிற வியாழக்கிழமை போட்டி. பள்ளியில் கைபேசி கூடாது என்று இவள் வாதாட வேண்டும். பழகிப் பார்க்க வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லை. அப்பா ஒவ்வொரு வரிக்கும் கைதட்டுகிறார், எனக்கோ கோபம் வந்து தலைப்பே மறந்துபோகிறது.

நவ்ரூஸ் புத்தாண்டுக்குக் கோதுமையை முளைக்கப் போட்டுவிடு, போன வருடம் போலக் கடையில் வாங்காதே. புது வருடம் உன்னை நோயில்லாமல் வைத்திருக்கட்டும், உன் வீடு சிரிப்பால் நிறையட்டும்.

புதன்கிழமை அவள் பள்ளிக்குக் கிளம்புமுன் கூப்பிட்டு, முதலில் மன்னிப்புக் கேள். பிறகு பத்து நிமிடம் அவளை எதிர்த்து வாதாடு. அண்ணன் என்று விட்டுக்கொடுக்காதே.

உன் அம்மா,
ஃபரீதே