உங்கள் அணி இந்த ஆண்டு ஆறு ஆட்டம் வெல்லும்

அன்புக்குரிய குலம் அண்ணை,

ஆவணி பிறந்துவிட்டது. வழக்கமாக இந்தக் கிழமையில் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அமெரிக்காவில் உள்ள உங்கள் கல்லூரியின் ஃபுட்போல் அணி எத்தனை ஆட்டம் வெல்லும், கூடைப்பந்து அணி மார்ச் மாதம் வரை தாக்குப்பிடிக்குமா, யார் புதிதாக வந்தார்கள், யார் விட்டுப் போனார்கள் என்று இரண்டு பக்கம் இருக்கும். டென்மார்க்கின் இந்தச் சின்ன ஊரில், இக்காஸ்டில், அதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான். வைகாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆகவே இந்த முறை நான் எழுதுகிறேன்.

இது அழுதுகொண்டு எழுதும் கடிதம் இல்லை. உங்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் வராது. முதலில் அணிகளின் நிலவரம். மற்றது பிறகு.

கையால் எறிந்து ஆடும் உங்கள் அமெரிக்க ஃபுட்போலில், பந்தை எறிகிற அந்த உயரமானவன் போய்விட்டான். பணக்காரக் கல்லூரி ஒன்று கூப்பிட்டிருக்கிறது. பதிலுக்குத் தெற்கே ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கை பலமானது, ஆனால் அவசரக்காரன். அவனுக்கு முன்னால் நிற்கிற ஐந்து பெரிய உடம்புகளும் கடைசி வருடத்துக்காரர்கள் என்பதால் எறிய அவனுக்கு நேரம் கிடைக்கும். பின்னால் நின்று தடுப்பவர்கள்தான் பலவீனம். நீங்கள் ஏழு வெற்றி என்று எழுதியிருப்பீர்கள். எந்த ஆண்டும் ஏழுதான் எழுதினீர்கள். நான் ஆறு என்கிறேன். ஆறு வென்றால் பருவம் முடிந்த பின் இன்னோர் ஆட்டம் கிடைக்கும். அதற்கு மேல் ஆசைப்பட இந்த அணியில் எதுவும் இல்லை.

அந்த உயரமானவன் போனது எனக்கு எரிச்சல்தான். நீங்கள் இருந்திருந்தால் அவனுக்காக வாதாடியிருப்பீர்கள். விளையாடுகிற மாணவர்கள் சம்பளம் வாங்கலாம், கல்லூரி மாறலாம் என்று சட்டம் வந்த ஆண்டில் நான் சலித்துக்கொண்டபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"நீயும் நானும் கூடச் சம்பளம் தந்த ஆலைக்கு மாறினனாங்கள்தானே. அப்ப ஆர் எங்களைத் துரோகி எண்டு சொன்னது? பிள்ளையள் உழைக்கட்டும்."

கூடைப்பந்துக்குப் புதுப் பயிற்சியாளர். முதல் பேட்டியிலேயே தடுப்பாட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார். அதனால் ஆட்டங்கள் பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் சில கூடுதலாக வெல்வோம் என்று நினைக்கிறேன். தனியாக நின்று எறிகிற இலவச எறிகள் வழக்கம்போல் மோசம். எப்படி ஒரே கல்லூரியில், ஆள் மாறி ஆள் வந்தும், இருபது ஆண்டுகளாக ஒருவனும் அதை ஒழுங்காக எறியவில்லை?

ஒரு புதுச் செய்தி. பெண்கள் கூடைப்பந்து அணியில் டென்மார்க்கிலிருந்து ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஆறடிக்கு மேல் உயரம். அமெரிக்க அறிவிப்பாளர் அவளுடைய குடும்பப் பெயரை மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார். மூன்றும் பிழை. நீங்கள் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருப்பீர்கள்.

இப்போது மற்றது. இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டும்.

நான் உங்களை முதலில் பார்த்தது இக்காஸ்டில், பின்னல் ஆலையில். நான் வந்து இரண்டு மாதம்தான். நீங்கள் எனக்கு முன்னமே வந்துவிட்டீர்கள். தலையில் ஊதா நிறத் தொப்பி, அதில் அந்த அமெரிக்கக் கல்லூரியின் பெரிய எழுத்து. எங்கள் டேனிஷ் மேற்பார்வையாளர் அந்தத் தொப்பியைக் காட்டி, அங்கே படித்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். இயந்திரச் சத்தத்தில் பதில் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆலையில் நீங்கள் அமெரிக்காவில் படித்தவர். எங்கள் ஆட்களுக்கு 'அமெரிக்கா குலம்'.

அதை ஒலிவாங்கியில் முதலில் சொன்னவன் நான். தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு உங்களைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டோம். நான்தான் அறிவிப்பாளர். "அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டதாரி" என்று சொன்னேன். நீங்கள் மேடையில் தலையைக் குனிந்தபடி இருந்தீர்கள். அடக்கம் என்று நினைத்தேன்.

உங்களோடு ஆட்டம் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. அங்கே மத்தியானம் தொடங்கும் ஆட்டம் இங்கே சனிக்கிழமை மாலை. பிந்தித் தொடங்கும் ஆட்டங்களைப் பதிந்து வைத்து ஞாயிறு காலை பார்ப்பீர்கள். முடிவு தெரிந்துவிடக்கூடாது என்று தொலைபேசியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிடுவீர்கள். உங்கள் மனுசி மனோ அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்துகொண்டே, "உனக்கும் விசர் பிடிச்சிட்டுது, பாலன்" என்பா. எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்ததா என்று இன்றும் தெரியாது. நீங்கள் பார்ப்பதைப் பார்க்கப் பிடித்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகள் ஆரணி, ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கலாம் என்று வந்தபோது பட்டியலில் உங்கள் கல்லூரியைக் கண்டாள். வேறு எதையும் பார்க்கவில்லை. "குலம் பெரியப்பான்ர கொலிச்சுக்குத்தான் போவன்" என்றாள். நாங்கள் வந்து சொன்னபோது நீங்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தீர்கள். பிறகு, "நல்ல குளிர் இருக்கும். தடிச்ச சப்பாத்து வாங்கிக் குடு" என்றீர்கள்.

ஆரணி அங்கே போய் முதல் ஆட்டத்துக்கே விளையாட்டரங்கிலிருந்து படம் அனுப்பினாள். அடுத்த கிழமை, உங்களுக்கு ஒரு பரிசு வாங்க நினைத்துப் பழைய மாணவர் அலுவலகத்துக்குப் போனாள். பட்டம் பெற்றவர்களின் பெயரைப் பொறித்துத் தரும் ஏதோ ஒரு பலகையாம். நான் வேலை முடிந்து காரில் ஏறும்போது அவளுடைய அழைப்பு வந்தது. எப்போதும்போல் டேனிஷில்தான் தொடங்கினாள். பாதியில் தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, பெரியப்பான்ர பேர் இங்க இல்லை. நாலு விதமா எழுத்துக்கூட்டித் தேடியாச்சு. பட்டம் எடுக்காமல் இடையில விட்டவையின்ர பட்டியலிலையும் இல்லை."

"பழைய ஆக்களின்ர பதிவு துலைஞ்சிருக்கும்" என்றேன்.

"ஒண்டும் துலையேல்லையாம், அப்பா."

ஞாயிறு காலை உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய பிறகு, திரையைப் பார்த்தபடியே நீங்கள்தான் கேட்டீர்கள்.

"ஆரணி என்ர பேரைத் தேடினவளோ?"

"ஓம்."

"இராது. நான் அங்க போகேல்லை."

நீங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அனுமதிக் கடிதம் வந்தது. விசாவுக்காகக் கொழும்பில் அறை எடுத்துத் தங்கினீர்கள். நேர்முகத்துக்கு முந்திய கிழமை தமிழருக்கு எதிரான கலவரம். அறையும் கடிதமும் எரிந்தன. கப்பலில் யாழ்ப்பாணம் திரும்பினீர்கள். கடிதத்தோடு கல்லூரி அனுப்பியிருந்த கைநூல் மட்டும் வீட்டில் இருந்தது. அதில் வளாகத்தின் வரைபடமும், ஃபுட்போல் அணியின் படமும், கூடைப்பந்து அணியின் படமும், ஒவ்வொருவரின் பெயரும் ஊரும். வெளியே போக முடியாத நாட்களில் அதையே வாசித்தீர்கள். டென்மார்க்குக்கு வந்த பின் நூலகத்துக்கு ஒரு கிழமை பிந்தி வரும் அமெரிக்கப் பத்திரிகையில் முடிவுகளைத் தேடினீர்கள். தொப்பி, கனடாவில் இருந்த மச்சான் ஒருவர் வாங்கி அனுப்பியது.

"ஏன் அண்ணை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லை. எல்லாரும் சொன்னவை. நான் மறுக்கேல்லை. அதுவும் பொய்தான், பாலன். நான் இல்லை எண்டு சொல்லமாட்டன்."

கடைசிக் கால் பகுதி தொடங்கும் முன் நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் கோபம் எதில் என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் நான் சொன்ன பொய்யை நீங்கள் மேடையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதுவா? முப்பது ஆண்டு பக்கத்தில் இருந்தும் எனக்குக்கூடச் சொல்லவில்லையே, அதுவா? ஃபுட்போல் பருவம் முடிந்தது, கூடைப்பந்து தொடங்கியது. நான் வரவில்லை. நீங்கள் கூப்பிடவும் இல்லை.

தை மாதம் ஆரணி திரும்பி வந்தாள். பக்கத்து நகரமான ஹேர்னிங் நிலையத்தில் ரயிலால் இறங்கியதும், உங்களிடம் கொண்டுபோய் விடச் சொன்னாள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். அரைமணி என்று போனவள் மூன்று மணி நேரம் கழித்து வந்தாள்.

"அப்பா, அவருக்கு அந்த இடம் என்னைவிட வடிவாத் தெரியும். நூலகத்துக்கு வலப்பக்கம் எண்டு சொன்னன். இல்லை, இடப்பக்கம் எண்டார். படத்தை எடுத்துப் பாத்தன். இடப்பக்கம்தான்."

நான் காரை எடுத்தேன்.

"அங்க என்னோட படிச்சவையில பாதிப் பேர் ஒரு மட்சுக்கும் போறேல்லை. அவர் ஒண்டும் விடேல்லை. நீங்கள் என்னத்துக்குக் கோவிக்கிறியள்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது என்றுதான் மார்ச் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் உங்கள் கூடைப்பந்து அணி, பல ஆண்டுகளுக்குப் பின், நாடு தழுவிய தொடருக்குத் தெரிவானது. முதல் ஆட்டம் இங்கே மாலை ஆறுக்கு. நான் வேலைத்தளத்து உடுப்போடு வந்து உங்கள் மணியை அடித்தேன். கதவைத் திறந்த நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"இரு. இப்பதான் தொடங்குது" என்றீர்கள்.

நாங்கள் தோற்றோம். பதினொரு இலவச எறியைத் தவறவிட்டார்கள். அதை மட்டும்தான் அன்று கதைத்தோம். பட்டத்தைப் பற்றி அதன்பின் இருவரும் பேசவில்லை. போன மார்கழியில் கணையத்தில் கட்டி என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். வைகாசியில் முடிந்தது.

உங்கள் செத்தவீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் உங்கள் நினைவு மலருக்கு எழுதி எடுத்து வந்தார். முதல் வரியிலேயே அமெரிக்கப் பட்டம். என்னிடம் தந்து சரிபார்க்கச் சொன்னார். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை விட்டால் நான் இரண்டாம் தடவையும் அதே பொய்யைச் சொன்னவன் ஆவேன். வெட்டினால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். மனோ அக்காவுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது.

தாளை மனோ அக்காவிடம் கொண்டுபோனேன். வாசித்தா. பேனையை வாங்கி அந்த வரியைத் தானே வெட்டினா. பிறகு மண்டபத்தில், உரைகள் எல்லாம் முடிந்த பின், ஒருவரும் கூப்பிடாமல் எழுந்து ஒலிவாங்கிக்குப் போனா. இதுவரை ஒரு கூட்டத்திலும் பேசாதவ.

"இவர் அமெரிக்காவில படிக்கேல்லை. கடிதம் வந்தது, போகக் கிடைக்கேல்லை. எனக்குக் கலியாணத்துக்கு முதலே சொன்னவர். நீங்கள் சொல்லேக்கை மறுக்கிறதுக்கு அவருக்கு வெக்கம். அது அவரில பிழை. ஆனா அந்தப் பிள்ளையள் தோத்தால் ரெண்டு நாளைக்கு ஒழுங்காச் சாப்பிடமாட்டார். நாப்பது வருசமா. அதை ஆரும் எழுதேல்லை. அதை எழுதுங்கோ."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. செத்தவீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தை வெளியே விடலாமா என்று போன கிழமை அவவிடம் கேட்டேன். "நான்தான் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டனே, பிறகென்ன" என்றா.

அதோடு நிற்கவில்லை. "அந்தப் பிள்ளையளின்ர மட்சுக்கு ரிக்கற் எடுக்கேலுமோ?" என்று கேட்டா. முப்பத்தைந்து ஆண்டு உங்களோடு இருந்து ஓர் ஆட்டத்தையும் முழுதாகப் பார்க்காத மனுசி. ஆரணி உடனேயே எடுத்துவிட்டாள். ஐப்பசியில், உங்கள் கல்லூரி அரங்கிலேயே, சனிக்கிழமை மத்தியான ஆட்டம். மூன்று இருக்கை, வடக்குப் பக்கம். வெயில் கண்ணில் அடிக்காது என்றாள்.

எதிரணி பலமானது. தோற்போம் என்றுதான் நினைக்கிறேன். நான் எண்ணிய ஆறில் இது இல்லை. ஆனாலும் போகிறோம்.

ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணை. அங்கே பக்கத்து இருக்கைக்காரர் யாராவது, நீங்கள் இங்கே படித்தவர்களா என்று கேட்பார். நான் வெறுமனே சிரித்துவிட்டு இருக்க மாட்டேன். இல்லை என்று சொல்லுவேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இங்கே இடம் கிடைத்தது, அவரால் வர முடியவில்லை, அதனால் நாங்கள் வந்திருக்கிறோம் என்று சொல்லுவேன். அவர் உங்கள் பெயரைக் கேட்டால், எழுத்துக்கூட்டியும் சொல்லுவேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
பாலன்
இக்காஸ்ட்