முதல் குரூப்பில் இரண்டு பேர்

கொட்டாம்பட்டி
24.6.2024

அன்புள்ள ராஜி,

விடுதியில் போன் கூடாது என்று உன் அம்மா சொன்னார்கள். அதனால்தான் கடிதம். சாப்பாடு எப்படி? தூக்கம் வருகிறதா?

உன் அப்பா உன்னை அங்கே சேர்த்ததிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முதல் குரூப்பில் நான் ஒருத்திதான். கண்ணுச்சாமி சார் ஐம்பது பேருக்கு நடத்துவது போலவே சத்தமாக வேதியியல் நடத்துகிறார். "புரிஞ்சுச்சா எல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேபில் ஒரு கையால் பியூரெட்டைத் திறந்துகொண்டு மறு கையால் குடுவையை ஆட்டுகிறேன். இளஞ்சிவப்பு வந்துவிட்டதா, எனக்கு மட்டும் அப்படித் தெரிகிறதா என்று கேட்க ஆளில்லை.

எச்.எம். டீச்சர் கூப்பிட்டு, "ஒத்தப் பிள்ளைக்கு ஒரு குரூப்பு நடத்த முடியாதுத்தா. ஆகஸ்டுக்குள்ள இன்னொருத்தி வரலேன்னா காமர்ஸுக்கு மாறிக்க" என்றார்.

நீ திரும்பி வருவாயா?

உன்
முனீஸ்வரி

சமயநல்லூர்
3.7.2024

முனீ,

உன் கடிதத்தை பாத்ரூமுக்குள் போய்த்தான் படித்தேன். இங்கே வகுப்பில் அறுபத்திரண்டு பேர். யாருக்கும் என் பெயர் தெரியாது. நான் வெறும் முப்பத்தெட்டாம் நம்பர். லேப் பூட்டியே கிடக்கிறது. செய்முறை நோட்டில் அளவுகளைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம். சாப்பிடும்போது பேசக் கூடாது. பேசவும் ஆளில்லை.

மாதக் கடைசி ஞாயிறு அப்பா வருவார். அழுதாவது கேட்டுவிடுவேன். எச்.எம்.மிடம் சொல்லிவிடு, நான் வாரேன்.

உன் ராஜி

கொட்டாம்பட்டி
11.7.2024

அன்புள்ள ராஜி,

சொல்லிவிட்டேன். "நெசமாத்தானா?" என்று எச்.எம். இரண்டு தரம் கேட்டார். சார் வருகைப் பதிவேட்டில் உன் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்தார். உனக்கென்று ஒரு பிப்பெட்டையும் கழுவி வைத்திருக்கிறேன்.

அப்பா, "மேலூர்ப் பள்ளிக்கூடத்துல எடம் இருக்காம். போய்க் கேப்பமா?" என்றார். "வேண்டாம்ப்பா, ராஜி வாரா" என்று சொல்லிவிட்டேன்.

உன்
முனீஸ்வரி

சமயநல்லூர்
29.7.2024

முனீ,

நேற்று அப்பா வந்தார். அவர் சம்மதிக்கவில்லை என்று உனக்கு எழுதிவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். பொய் எழுத வரவில்லை.

மாதத் தேர்வில் வேதியியலில் மூன்றாவதாக வந்தேன். நல்ல மார்க் எடுப்பவர்களின் ‘ஏ’ பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தீப்தி என்று ஒருத்தி, "ராஜஸ்ரீ, இங்கிட்டு உக்காரு" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என் பெயரைக் காதால் கேட்டேன், முனீ.

அப்பாவேதான் கேட்டார், "மெலிஞ்சு போயிட்டியேம்மா. வீட்டுக்கு வந்துர்றியா?" நான், "இல்லப்பா, இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். உன் பேச்சையே எடுக்கவில்லை.

திட்டியாவது எழுது.

ராஜி

கொட்டாம்பட்டி
12.8.2024

ராஜஸ்ரீ,

முதல் குரூப்பை மூடிவிட்டார்கள். காமர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா காட்டுவேலையை விட்டுவிட்டு மூன்று நாள் என்னோடு மேலூருக்கு அலைந்தார். அட்மிஷன் முடிந்துவிட்டது என்றவர்களிடம், "பிள்ள அம்புட்டு ஆசையாக் கேக்குதுங்க" என்று கைகட்டி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் ஏழு மணி பஸ். லேபில் எல்லோரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். நான் தனியாகத்தான் செய்கிறேன்.

நீ அங்கேயே இருந்துவிட்டதில் எனக்குக் கோபமில்லை. பெயர் சொல்லி ஒருத்தி கூப்பிட்டிருந்தால் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். ஆனால் "வாரேன்" என்று நீ எழுதிய பிறகு நாலு வாரம் வகுப்பு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

நேற்று கடைத்தெருவில் உன் அப்பா, "ராஜி லெட்டர் போடுறாளாத்தா?" என்று கேட்டார். போடுகிறாள், நன்றாக இருக்கிறாளாம் என்று சொன்னேன்.

இதற்குப் பதில் எழுதாதே.

முனீஸ்வரி