அப்பாவின் தலை

லிஃபூகா தீவு
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் விலியாமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மூன்று பன்றிகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், அப்பாவைப் பற்றித்தான் அப்படி எழுதக் கை வரவில்லை.

நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. மண்டையில் ஆபரேஷன் முடிந்து ஆக்லாந்தில் உன் வீட்டுக்கு வந்திருக்கிற மனுஷன், தினமும் தையலைக் கழுவிக் கட்டு மாற்று என்று டாக்டர் உன்னிடம் சொல்லியிருக்கிறார், நர்ஸ் வருவதோ வாரத்துக்கு ஒருமுறை. நீ பஞ்சோடு பக்கத்தில் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எந்தப் பிள்ளைடா அப்பன் தலையத் தொடுவான், நீ என்ன வெள்ளைக்காரனுக்குப் பொறந்தவனா என்கிறாராமே. சீழ் வாடை வேறு வருகிறது என்கிறாய். அவரை நான் எப்படித் திட்டுவேன்? பிள்ளை அப்பன் தலையைத் தொடக்கூடாது என்கிற நம் வழக்கப்படி அவரும் தன் அப்பா தலையைத் தொட்டதில்லை. தாத்தா சாகக் கிடந்தபோது முகத்தில் ஈ உட்கார்ந்தால் எட்ட நின்று விசிறியால்தான் ஓட்டினார், தொட்டுத் துடைத்தது தாத்தாவின் அக்காதான். நீ தவழ்கிற வயதில் அப்பா முடியைப் பிடித்து இழுத்தபோது உன் பிஞ்சுக் கையில் பட்டென்று போட்டவள் நான். இப்போது அந்தக் கையில்தான் டாக்டர் பஞ்சைக் கொடுத்திருக்கிறார்.

விசா எனக்கு இந்தத் தடவையும் கிடைக்கவில்லை. பெண்டாட்டி தொட்டால் குற்றமில்லை, நான் வந்தால் தீர்ந்துபோகிற விஷயம். வேறு வழி தெரியாமல், பெரியவர்கள் முன்னால் போகிற மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு லோசெலி அத்தை வீட்டுக்குப் போய் வாசலில் தரையில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு மூத்தவள், அவள் சொல்லுக்கு அவர் மறுபேச்சு பேசமாட்டார், பிள்ளை தொடட்டும் என்று ஒரு வார்த்தை போனில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஏன் லவீனியா, கடல் தாண்டிட்டா மகன் அப்பனுக்கு மேல ஆயிடுவானா, நான் சரின்னுட்டா என் தம்பிக்குன்னு என்ன மரியாதை மிஞ்சும் என்றாள். அப்புறம், இந்தப் பாழாப்போன முட்டி மட்டும் நல்லா இருந்தா நானே போயிருப்பேன்டி என்று அழுதாள். சீமைப்பலா சுட்டு வைத்தாள், இரண்டு பேரும் தின்னவில்லை.

சோசெஃபா மாமா, தூங்கும்போது மாத்தச் சொல்லேன் என்றார். அதையும்தான் நீ செய்து, அவர் விழித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாரே. திருட்டுத்தனமாக இனிமேல் வேண்டாம். எனக்கு ஒன்று தோன்றுகிறது, சரியா தப்பா தெரியவில்லை. அவரைக் கட்டிலில் உட்கார வை. நீயும் இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேள். பிறகு எழுந்து கண்ணை மூடிக்கொண்டு செய் என்று எழுத வந்தேன், கண்ணை மூடினால் கட்டு எப்படிப் போடுவாய்? பார்த்துத்தான் செய்ய வேண்டும் மகனே. அவர் அழுவார். நீயும் அழுவாய். முடிந்ததும் எனக்குப் போன் செய்து சொல்லாதே, நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவுக்குத் தெரியுமா என்று அவர் கேட்டால் மட்டும், தெரியும் என்று சொல்லிவிடு.

ஆண்டவர் உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மறந்துவிடாதே, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், அவர் தலை சூடு தாங்காது. இத்தனை வருஷமாகக் கழுவியவள் சொல்கிறேன்.

உன் அம்மா
லவீனியா