நடுவில் இந்த ஜி யார்?

அரக்கோணம்
4-7-1983

அண்ணாவுக்கு காஞ்சனா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அவரும் சௌக்கியம். நீங்கள், அண்ணி, வள்ளிநாயகி எல்லோரும் சௌக்கியமா? இருபது வருஷம் கழித்துக் கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். அரை மணி நேர ரயில் தூரத்தில் இருந்துகொண்டு தபாலில் கேட்பது அதைவிடச் சிரிப்பு.

காரியமாகத்தான் எழுதுகிறேன். சென்னையில் ஒரு மாலைக் கல்லூரியில் எனக்கு பி.இ. இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் வாங்கிய சிவில் டிப்ளமாவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முதல் வருஷத்தைத் தள்ளிவிட்டார்கள். நேரே இரண்டாம் வருஷம். நான் இருப்பது கட்டட பிளான் பார்க்கிற ஆபீஸ். படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் நேற்று வேலைக்கு வந்த பிள்ளைகளின் கையெழுத்து. பட்டம் இல்லாமல் பக்கத்துக் கட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

அதற்கும் இப்போது ஒரு முட்டுக்கட்டை. டிப்ளமாவில் என் பெயர் ஜி. காஞ்சனா. ஆபீஸில் இ. காஞ்சனா. கல்லூரி கிளார்க் இரண்டையும் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் கேட்டான்: "ஏம்மா, அப்பா பேரு சாமிநாதன்றீங்க. ஊட்டுக்காரர் எலியாஸ்றீங்க. நடுவுல இந்த ஜி யாரு?"

செருப்பைக் கழற்றாமல் இருந்தது என் பொறுமை. "ஆள் இல்லைங்க, எங்க ஊட்டுப் பேரு. கஞ்சி. தெலுங்குல சொல்றாப்பல எழுதினா இங்கிலீஷ்ல ஜி" என்றேன். திருத்தணி அப்போது ஆந்திராவில் இருந்தது, நம் ஜனத்தில் அப்பா பெயருக்குப் பதில் வீட்டுப் பெயரைத்தான் முன்னால் போடுவோம் என்றும் சொல்லிப் பார்த்தேன். "கஞ்சியா? தொட்டுக்க ஊறுகா இருக்குதா?" என்றான் பக்கத்து மேஜைக்காரன். வேறு யாரோ ஒருத்தியின் டிப்ளமாவை நான் தூக்கிக்கொண்டு வந்ததாக அவர்கள் நினைப்பு. பிறந்த வீட்டு உறவு ஒருவர் தாலுகா ஆபீஸில் 'இவள்தான் கஞ்சி காஞ்சனா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொள்வார்களாம். ஆடி முடிவதற்குள் வேண்டும். நைனா இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

காஞ்சனா

திருத்தணி
9-7-1983

காஞ்சனாவுக்கு ஜம்புலிங்கம் எழுதியது. உன் கடிதம் வள்ளிநாயகி கையில் கிடைக்காமல் என் கையில் கிடைத்தது முருகன் செயல்.

நீ பாலிடெக்னிக் போன நாளில் நைனா நெஞ்சு வலியோடு படுத்துவிட்டார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குழியில் இறங்கினவன் நான். நீ படித்த படிப்பு நான் மிதித்த தறி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன கிழித்தாய்? ஆபீஸில் பார்த்த எலியாஸைக் கட்டிக்கொண்டாய். நகரியில் உன் அத்தை மகன் வேணு பாவா தாம்பூலம் மாற்ற நாள் பார்த்துக்கொண்டு இருந்தான். அவர்கள் முகத்தில் நான் எப்படி விழித்தேன் என்று உனக்குத் தெரியாது. அன்றைக்கே சரவணப் பொய்கையில் உனக்குத் தலை முழுகிவிட்டேன். செத்துப் போனவளுக்காக எந்த ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போடுவது?

இன்னொன்று. வள்ளிநாயகிக்கு ஆர்.கே.பேட்டையில் இடம் பார்த்திருக்கிறது. விசைத்தறி வைத்திருப்பவர்கள். வந்ததும் வீட்டுப் பெயர் கேட்டார்கள், சொன்னேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றார்கள். யாரும் இல்லை என்றேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில்தான் வேலை. அவர் கண் முன்னால் போய், கிறிஸ்தவனைக் கட்டிக்கொண்டவள் எங்கள் கஞ்சி வீட்டுப் பெண் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறாய். பேரன் எடுக்கிற வயதில் உனக்குப் பட்டம், கட்டிக்கொள்ள வேண்டிய வயதில் என் பெண்ணுக்குத் தாலி. எது பெரிசு, நீயே சொல்.

ஜம்புலிங்கம்

அரக்கோணம்
12-7-1983

அண்ணாவுக்கு,

நான் சாகவில்லை. சாப்பிட்டு, ஆபீஸ் போய், வந்து, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடம்பெல்லாம் எரிய உட்கார்ந்திருக்கிறேன்.

தறி மிதித்தது நீங்கள்தான். ஒரு நாளும் நான் இல்லை என்றதில்லை. அதற்குக் கூலியாக என் கழுத்தைக் கேட்டீர்கள். அது எந்த ஊர் கூலி, அண்ணா?

பள்ளிக்கூடத்தில் 'கஞ்சி காஞ்சனா, கஞ்சி காஞ்சனா' என்று என்னைக் கேலி செய்வார்கள். அழுதுகொண்டு வருவேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "நூலுக்குக் கஞ்சி போடலன்னா தறியில நிக்குமா? அறுந்து பூடும். போய்ச் சொல்லு அவளுங்க கிட்ட." மறுநாள் போய்ச் சொன்னேன். கேலிக்கு அந்தப் பெயர் எனக்கு வேண்டும், காரியத்துக்கு வேண்டாமா? பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்ல மட்டும் அது உங்களுக்கா?

நீங்கள் கிறிஸ்தவன் கிறிஸ்தவன் என்கிற மனுஷர் இந்த நிமிஷமும் "விட்டுடு காஞ்சனா, பொண்ணு கல்யாணம், அவருக்கும் கஷ்டம் இருக்கும்" என்கிறார். நான் விடுவதாக இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன். காவடிக் கூட்டம் பார்க்க உங்கள் வாசலில் நின்று கேட்கிறேன், நான் யார் வீட்டுப் பெண் என்று.

காஞ்சனா

திருத்தணி
16-7-1983

காஞ்சனா,

வராதே. கிருத்திகை அன்று சம்பந்தி வீட்டாருக்கு இங்கேதான் சாப்பாடு. வந்தால் கதவைச் சாத்துவேன். சத்தியமாகச் சாத்துவேன்.

ஒரு வழி சொல்கிறேன். திருவள்ளூரில் தெரியாத வக்கீல் ஒருவரிடம் போகலாம். சாமிநாதனுக்கு ஒரு பெண் இருந்தாள், அவள் இனிஷியல் எஸ் தான், ஜி என்பது வாத்தியார் போட்ட எழுத்துப் பிழை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கஞ்சி என்ற பேச்சே வரக் கூடாது. உனக்கும் பட்டம் கிடைக்கும், எங்கள் பெயரும் உன்னோடு சேராது. இதற்கு மேல் இறங்கி வர என்னால் முடியாது.

ஜம்புலிங்கம்

அரக்கோணம்
10-8-1983

அண்ணாவுக்கு,

கிருத்திகைக்கு நான் வரவில்லை. உங்களுக்குப் பயந்து அல்ல. வள்ளிநாயகி எனக்கு என்ன கெடுதல் செய்தாள்?

உங்கள் வக்கீலும் வேண்டாம். ஜி பிழை இல்லை. அதைப் பிழை என்று சொல்லித்தான் பட்டம் வாங்க வேண்டுமென்றால் அந்தப் பட்டத்தை அடுப்பில் போடலாம்.

நகரிக்கு பஸ் ஏறினேன். வேணு பாவாவுக்கு இப்போது தலை நரைத்துப் பேத்தியும் பிறந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் ஊர் தாலுகா ஆபீஸில் முத்திரை வாங்கிக்கொண்டு என்னோடு சென்னைக்கே வந்தார்.

"இவங்க ஊட்டுப் பேரு கஞ்சின்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் அதே கிளார்க்.

"தெரியாம பூடுமா சார்? நான் அத்தை மகன். எங்க ஜனத்துல பொண்ணு கேக்கறதுக்கு மின்னாடி ஊட்டுப் பேரத்தான் கேப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒரே பேரா இருந்தா அண்ணன் தங்கச்சி முறை, கட்ட மாட்டோம். இது கஞ்சி ஊட்டுப் பொண்ணுன்னு கேட்டுகினுதான் எனக்குப் பேசினாங்க. அது என்னை வேணாம்னுச்சு, அது வேற கதை. பேரு கஞ்சிதான்."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. அவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். கிளார்க் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன், என் மேல் கோபம் இல்லையா என்று. "இருந்துச்சு. எத்தினி வருசம் அதையே தூக்கிகினு திரியறது? அலுத்துப் போச்சு" என்றார். நான் வேண்டாம் என்ற மனுஷர் எனக்காகச் சாட்சி சொன்னார். கூடப் பிறந்த நீங்கள் கதவைச் சாத்துவதாகச் சத்தியம் செய்தீர்கள். இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

காஞ்சனா

திருத்தணி
2-11-1987

சௌபாக்கியவதி தங்கை கஞ்சி காஞ்சனாவுக்கு அண்ணன் ஜம்புலிங்கம் அநேக ஆசீர்வாதம். நீ பி.இ. முடித்துப் பெரிய வேலைக்கு உயர்ந்ததைக் கேள்விப்பட்டு அண்ணியும் நானும் பூரித்துப் போனோம். நம் வீட்டு ரத்தம் வேறு எப்படி இருக்கும்?

மாப்பிள்ளை விசைத்தறி ஷெட் கட்ட பிளான் கொடுத்திருக்கிறார். அது உங்கள் ஆபீஸில்தான் இருக்கிறதாம், உன் கையெழுத்துதான் பாக்கியாம். சம்பந்தியிடம், அது யாரோ இல்லை, என் சொந்தத் தங்கைதான் என்று சொல்லிவிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்கள். நடந்ததையெல்லாம் மறந்து ஒரு நாள் உன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு வா.

உன் அன்பு அண்ணன்
ஜம்புலிங்கம்

அரக்கோணம்
9-11-1987

திரு. ஜம்புலிங்கம் அவர்களுக்கு,

பிளானைப் பார்த்தேன். மேற்குச் சுவர் பக்கத்து மனையை ஒட்டி நிற்கிறது. இடம் விட்டுத் திருத்திக் கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். திருத்தி வந்தால் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன். யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் போடுவேன்.

அன்று ஒரு கையெழுத்துக்கு நான் உங்களுக்குச் செத்தவள். இன்று ஒரு கையெழுத்துக்கு நான் தங்கை. இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதாமலே இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் நானே ரயில் ஏறி வந்திருப்பேன். அந்த ஆசை எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்கு வந்தேன். உங்கள் தெரு வழியாகத்தான் சரவணப் பொய்கைக்குப் போனேன். உங்களுக்குத் தலை முழுகிவிட்டு வந்தேன். துவட்டும்போது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு முழுகிவிட்டு நீங்கள் அழுதீர்களா என்று தெரியாது. பெயரை நான் விடவில்லை, அது பட்டத்திலேயே இருக்கிறது. அண்ணனைத்தான் விட்டேன்.

இப்படிக்கு,
ஜி.இ. காஞ்சனா, பி.இ.