இடுப்பில் இன்னொரு பேட்ஜ்

என்னங்க,

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன்பே எங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. அணுஉலையில் வேலை பார்க்கிறவளுக்கு அதுதான் விதி.

உடனே என்னை உலைக்கூடத்திலிருந்து மேசைக்கு மாற்றிவிட்டார்கள். மேசை வேலை எனக்கு வேப்பங்காய் என்று உங்களுக்குத் தெரியும். இன்று சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

கதிர்வீச்சை அளக்க மார்பில் மாட்டுவேனே, அந்த பேட்ஜ் இனி எனக்கு இரண்டு. இரண்டாவதை இடுப்பில், வயிற்றை ஒட்டி மாட்டவேண்டுமாம்.

பேட்ஜ் கொடுக்கிறவர் பதிவேட்டைத் திறந்து, "இதுக்கு என்ன பேரும்மா எழுதறது?" என்று கேட்டார், வேண்டுமென்றேதான்.

"ஆறு வருஷமா காத்திருந்த பேரு சார். அவங்க அப்பா வந்துதான் வைக்கணும்" என்றேன்.

அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
நாங்கள் இருவரும்