கெப்பாசிட்டர் பெட்டி தாங்கிவிட்டது

ஓசூர்
பிப்ரவரி 2009

என் வினோதாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். நீ நம் கம்பெனியில் வரைந்துவிட்டுப் போன கெப்பாசிட்டர் பெட்டி சோதனையில் தேறிய செய்தி உனக்கு மெயிலில் வந்திருக்கும். எப்படித் தேறியது என்று அதில் ஒருத்தரும் எழுதியிருக்க மாட்டார்கள், அதனால்தான் நான் எழுதுகிறேன். அன்று காலையிலேயே கூத்து. அப்பா ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸைச் சானமாவு காட்டில் ஒற்றை யானை மறித்துக்கொண்டது. தாமதமாகப் போய் இறங்கினோம், கேட்டில் நின்ற மேனேஜர் கத்தினார். அப்பா சீட்டில் இருந்தபடியே "யானைக்கும் ஒரு மெமோ குடுத்துடுங்க சார்" என்றார், பஸ்ஸே சிரித்தது. சிரித்தோமே தவிர, பெட்டி கட்டுகிற எங்கள் எட்டுப் பெண்களுக்கும் அன்றைக்கு வேலையே நிச்சயமில்லை. காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பெட்டி தேறாவிட்டால் பெட்டி கட்டுகிற லைனை மூடிவிட்டு எங்களை அந்த வாரத்தோடு அனுப்பிவிடுவோம் என்று ஆபீசில் முன்னமே சொல்லிவிட்டார்கள்.

என் பக்கத்தில் போல்ட் முடுக்குகிற முனிலட்சுமி, "இத்தன நாளா முடுக்கறமே, இது என்னாத்துக்குக்கா?" என்று அன்றைக்குத்தான் கேட்டாள். "லைன்ல கோளாறு வந்தா கரண்டு வெளிய போவ வழியிருக்காது. அதுக்குன்னு காத்து நிக்குமாடி? அது பாட்டுக்குத் தள்ளும். மீந்த கரண்ட இந்தப் பெட்டி வாங்கி வெச்சிக்கும், லைன் எழுந்ததும் திருப்பிக் குடுத்துடும். அதுவரைக்கும் மெஷின் தறிகெட்டு ஓடாது" என்றேன். நீ சாப்பிடும்போது சொன்னதுதான், தப்பிருந்தால் திட்டாதே.

காற்றுக்குப் பதிலாக ஒரு பெரிய மோட்டாரை வைத்து ஜெனரேட்டரைச் சுற்றவிட்டு, கோளாறு வந்ததுபோல வோல்டேஜை இறக்கினார்கள். டப்பென்று எல்லாம் நின்றுவிட்டது. மேனேஜர் உடனே வந்தவர்கள் பக்கம் திரும்பி, "சின்னப் பொண்ணு வரைஞ்சது, காயலான் கடைக்குத்தான் லாயக்கு" என்றார். அதற்கு ஓகே போட்டவர் அவர்தான், அது மட்டும் மறந்துவிட்டது. எனக்கு ஸ்பேனரை எறியலாம் போல இருந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா மட்டும், ரிலே எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். வோல்டேஜ் இறங்கினால் காற்றாலையை லைனிலிருந்து கழற்றிவிடுகிற ரிலே. பேனல் பார்க்கிற இளம்பரிதி திறந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லா பேனலுக்கும் வைக்கிற பழைய அளவையே இதற்கும் வைத்திருக்கிறான். பெட்டி வேலையைத் தொடங்குவதற்குள் ரிலே கழற்றிவிட்டது. "பழக்க தோஷம் மேடம்" என்றான் பாவம். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கஷ்டம் வந்தால் முதலில் கழற்றிவிடு என்பதுதான் இங்கே எல்லாருக்கும் பழக்கம். தீபாவளி கழிந்து ஆர்டர் குறைந்ததும் காண்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேரை அப்படித்தானே கழற்றினார்கள், ஆபீசர் ஒருத்தர் நாற்காலியாவது காலியானதா?

அளவை மாற்றி மறுபடி ஓட்டினார்கள். வோல்டேஜ் இறங்கியது, உறுமல் ஒரு மூச்சு தடுமாறியது, பிறகு சீராக ஓடிக்கொண்டே இருந்தது. "நிலபடிந்தி! நிலபடிந்தி!" தாங்கி நின்றுவிட்டது என்று தெலுங்கில் கத்திக்கொண்டு முனிலட்சுமி என்னைக் கட்டிக்கொண்டாள். லட்டுத் தட்டு எங்களைத் தாண்டி ஆபீசர் அறைக்குப் போனது, தூக்கிப் போனவரை அவள்தான் மறித்தாள், "கட்டனவங்க வாயி இங்க இருக்குது அண்ணா" என்று. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக, "நம்ம லேடீஸ்தான் கட்டினாங்க" என்று வந்தவர்களிடம் பெருமை பேசினார். விட்டால் கிடைக்காது என்று, "அப்ப நம்ம லேடீஸ் அடுத்த வாரமும் இருப்பாங்களா சார்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். "இருப்பாங்க, இருப்பாங்க" என்றார். மறுநாள் எட்டுப் பேருக்கும் ஒரு வருஷத்துக்குப் புது கேட் பாஸ் வந்துவிட்டது. பர்மனென்ட் இல்லை, அதையும் கேட்காமல் விடமாட்டோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நினைத்ததெல்லாம் இப்படியே தாங்கி நிற்கட்டும், நன்றாக இரு. ஒன்று மறக்காதே, அடுத்த பெட்டியை வரையும்போது உள் வரிசை போல்டுகளைக் கொஞ்சம் தள்ளி வை. ஸ்பேனரைத் திருப்பினால் எங்கள் எட்டுப் பேர் விரல்முட்டியும் தகரத்தில் தேய்கிறது.

உன் அம்மா,
ஜோதியம்மாள்